ஒரு விரல் இடம்

11 மே 1936, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மலையில் சீசன், கடையில் தையல் குவிந்து கிடக்கிறது. துரைசானியின் பிளானல் பாவாடை இன்று கொடுக்க வேண்டியது. கொடுக்கவில்லை.

ஆமினா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். "என்னங்க, சல்மாவுக்கு குல்லா ஏற மாட்டேங்குது." பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் நான் தைத்தது. பிள்ளைக்கு இன்னும் ஐந்து மாதம் ஆகவில்லை. வளரும் பிள்ளை என்று வழக்கம்போல ஒரு விரல் இடம் விட்டிருந்தேன். அந்த இடமும் நிரம்பிய பிறகுதான் தலை அளவுக்கு மீறிப் பெருத்தது எங்களுக்குத் தெரிகிறது. உச்சிக்குழி மேடாக இருக்கிறது. கருவிழி கீழேயே பார்க்கிறது.

இறுக்கித் தைத்திருந்தால் முன்னாலேயே கண்டிருக்கலாம். என் மேலேயே எரிச்சல்.

12 மே, செவ்வாய்

மிஷன் ஆஸ்பத்திரி. ஒரே கூட்டம். டாக்டரம்மா தலையைத் தடவிப் பார்த்தார், விளக்கடித்துப் பார்த்தார். மூளைக்குள் தண்ணீர் சேருகிறதாம்.

நர்சு தெய்வானை, பழனிக்காரர், பிறகு விளக்கினார். மறக்காமலிருக்க:

— எல்லார் மூளைக்குள்ளும் நாலு அறை. உள்ளே தெளிந்த தண்ணீர்.
— தூங்கினாலும் விழித்தாலும் ஊறிக்கொண்டே இருக்கும்.
— அறைக்கு அறை சிறு வழி. கடைசி அறையிலிருந்து வெளியே வந்து, மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றி, உச்சிப் பக்கம் ரத்தத்தில் கலக்கும்.

"நம்ம ஏரி நெறஞ்சா வெள்ளி அருவிக்கு வழியுதுல்ல? அந்த வழி அடைச்சா ஏரி என்ன ஆகும்? அதான் பாய்."

அடைப்பு எங்கே என்று தண்ணீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். சீசனுக்கு மலைக்கு வந்திருக்கும் பெரிய டாக்டர் வியாழன் செய்வார். "உள்ளேயே அடைச்சிருந்தா?" என்று கேட்டேன். தெய்வானை துணி மடிக்கப் போய்விட்டார்.

13 மே, புதன்

வீட்டில் சண்டை. மாமி, ஆமினாவின் அம்மா, பாலசமுத்திரத்திலிருந்து வந்து தங்கியிருக்கிறார். "மண்டைத் தண்ணிய எடுத்தா புள்ளைக்கு அறிவு என்னத்துக்கு ஆகும் மாப்ள? வெரசா கீழ கூட்டிட்டு வாங்க, ஓதிப் பார்ப்போம்." ஆமினா அழுகை. எனக்கும் அதே பயம்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

தெய்வானை: "எடுத்த தண்ணி திரும்ப ஊறிரும் பாய். பழசு போயி புதுசு வர்றதுதான் அதோட சோலியே. அறிவு தண்ணியில இல்ல."

ஏரியை ஒரு சுற்று. மறுபடியும் ஒரு சுற்று. கடைக்கு வந்து, ஒரு கால்சட்டைக்கு இரண்டையும் இடது காலாகவே வெட்டிவிட்டேன். நல்ல துணி.

14 மே, வியாழன்

சாரல். உச்சிக்குழி ஓரமாக ஊசி, மூளை அறைக்குள் சாயம். கொஞ்ச நேரம் கழித்து முதுகின் கீழே இன்னொரு ஊசி. அங்கே சாயம் வந்தால் வழி திறந்திருக்கிறது. வராவிட்டால் தங்களால் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா நேராகவே சொன்னார்.

வெளியே நின்றேன், உட்கார்ந்தேன், நின்றேன். உள்ளே சல்மா அழுதாள். பிறகு அழவில்லை. அது அதைவிட மோசம்.

முதுகில் எடுத்ததைத் தெய்வானை கண்ணாடிக் குழாயில் கொண்டுவந்தார். வெறும் தண்ணீர். பிள்ளையிடம் போகக் கதவை நோக்கி நடந்தேன். "இருங்க பாய், மருந்து பட்டாத்தான் இந்தச் சாயம் தெரியும்" என்று ஏதோ கார மருந்து ஒரு சொட்டு விட்டார். சிவந்தது. இந்தக் கலரில் எத்தனையோ சட்டை தைத்திருக்கிறேன். இன்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

வழி அடைக்கவில்லை. ரத்தத்தில் கலக்கும் இடம்தான் மந்தமாம். முதுகு வழியாக அவ்வப்போது தண்ணீரை இறக்கினால் தானாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம்.

16 மே, சனி

தலையை அளந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். டேப்பைச் சுற்றினேன். கைப்பழக்கம், ஒரு விரல் உள்ளே.

"மொதல்ல விரல எடுங்க" என்றாள் ஆமினா.

எடுத்தேன். அந்த அளவுக்கே புதுக் குல்லா வெட்டினேன். இடம் விடவில்லை. பிள்ளைத் துணியை இப்படி வெட்டியதே இல்லை. மாமி பக்கத்தில் உட்கார்ந்து ஊசி கோத்துக் கொடுத்தார். ஊருக்குப் போகும் பேச்சு இல்லை.

5 ஜூன், வெள்ளி

வெயில். மூன்று தடவை இறக்கியாயிற்று. பெரிய டாக்டர் கீழே போய்விட்டார், இனி டாக்டரம்மாதான்.

ஜும்மாவுக்குக் கிளம்பும் நேரம் ஆமினா புதுக் குல்லாவை எடுத்தாள். நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

"திரும்புங்க."

காது வரை இறங்கியிருந்தது. ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது.