ஸ்டோருக்குப் போன ஸ்டூல்

தொட்டுப் பேசிய சுப்பையா அண்ணாச்சிக்கு,

நம் கம்பெனியில் நேற்று ஒரு முக்கிய முடிவு எடுக்கப்பட்டது. மேனேஜர், ஸ்டோர் கீப்பர், டைம் ஆபீஸ் கிளார்க்காகிய நான் என மூவரும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசி, கேட்டில் கிடக்கும் உங்கள் ஸ்டூலை ஸ்டோர் ரூமுக்கு அனுப்புவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். தீர்மானத்தில் மூன்று கையெழுத்து இருக்கிறது. மூன்றாவது என்னுடையது.

நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை அதில் யாரும் உட்காரவில்லை. யாரும் எடுக்கவும் இல்லை. போன வாரம் மேனேஜரின் கால் அதில் இடித்தது. அதற்குப் பிறகுதான் அப்படி ஒன்று இருப்பது கம்பெனிக்குத் தெரிந்தது.

இதை மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக்கான கட்டுத்துணி செய்யும் கம்பெனியில் நீங்கள் கேட்டில் சோதனை பார்த்தவர். ஷிப்டு முடிந்து போகும் ஆண்களின் தோளையும் இடுப்பையும் தடவிப் பார்த்து, துணிச் சுருள் எதுவும் வெளியே போகவில்லை என்று உறுதி செய்வது வேலை. துணி அகப்பட்டதாக எனக்கு நினைவில்லை. காய்ச்சல்தான் அகப்பட்டது.

"ஏலே மாரியப்பா, என்னலே இம்புட்டு சூடா இருக்க? நாளைக்கு இந்தப் பக்கம் வந்தா காலை ஒடிச்சிருவேன்."

"லீவு போட்டா சம்பளம் நீரா தருவீரு, அண்ணாச்சி?"

"அதெல்லாம் உள்ள நம்ம தம்பி இருக்குல்லா, அது எழுதிக் குடுக்கும்."

நான் ஜன்னல் வழியாக மெடிக்கல் லீவு எழுதி நீட்டுவேன். கம்பெனியில் தெர்மாமீட்டர் கிடையாது. உங்கள் கை இருந்ததால் யாரும் கேட்கவும் இல்லை.

தொண்ணூற்று நான்கில் வடக்கே பிளேக் என்று பேப்பரில் வந்தது. மாஸ்க்குக்கு எங்கிருந்தெல்லாமோ ஆர்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு போனது. எட்டு மணி நேரம் பன்னிரண்டு ஆனது. ஊர் ஊருக்கு மூக்கை மூடிக்கொடுத்த நமக்கு ஒரு மாஸ்க் கிடைக்கவில்லை. அது வெளியே போகும் சரக்கு. மேனேஜர் மட்டும், தரம் பார்ப்பதற்காக, இரண்டு கட்டியிருந்தார்.

அந்த இரண்டுக்கும் பின்னாலிருந்துதான் உத்தரவு வந்தது: "இனிமே யாரும் யாரையும் தொடப்படாது."

தொடாமல் சோதனை போட ஒரு பெட்டி வாங்கினார்கள். பொத்தானை அமுக்கிப் பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் சோதனை. எப்போது எது எரியும் என்பது பெட்டியின் இஷ்டம். ஒருவரை ஒருவர் தொட்டுவிடக் கூடாதே என்று, நாங்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று ஒரே பொத்தானைத் தொட்டோம். உங்களுக்கு வேலை இல்லாமல் போனதால் உட்கார ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள்.

"சிவப்பு எரிஞ்சா நான் என்ன செய்ய?" என்று கேட்டீர்கள். மேனேஜர் யோசித்தார். "அவனவன் அவனவனைத் தடவிக் காட்டட்டும்" என்றார்.

காட்டினார்கள். மாரியப்பன் தன் அக்குளைத் தானே சோதித்து, "கூச்சமா இருக்கு அண்ணாச்சி. ஒண்ணுமில்ல, போலாம்னு எனக்கு நானே சொல்லிட்டேன்" என்று கும்பிட்டுப் போனான். நீங்களும் சிரித்தீர்கள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

ஸ்டூலுக்கும் என் ஜன்னலுக்கும் நடுவே சுண்ணாம்பில் கோடு போட்டது நான்தான். உத்தரவுப்படி ஆறடி அளந்து போட்டேன்.

அந்த ஆறடிக்கு அப்பாலிருந்து ஒரு சாயங்காலம், "தம்பி, செத்த நேரமா குளிருதுப்பா" என்றீர்கள். புரட்டாசி வெயில் கேட்டுத் தகரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. "மலையில மழை போல, அண்ணாச்சி" என்றேன். மறுநாளும் சொன்னீர்கள். நானும் அதையே சொன்னேன். நான்கு நாள், வீட்டுக்குப் போகும்போது நீங்களும் பொத்தானை அமுக்கினீர்கள். நான்கு நாளும் பச்சை. ஐந்தாம் நாள் நீங்கள் வரவில்லை. டைபாய்டு, முற்றிவிட்டது என்றார் டாக்டர். பிளேக் நம் ஊருக்கு வரவே இல்லை.

ஆறடி எவ்வளவு தூரம், அண்ணாச்சி? எழுந்து இரண்டு எட்டு வைத்தால் தீர்ந்தது. நான் ஏன் எழுந்திருக்கவில்லை? பயமா, அலுப்பா? பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

பயம் ஒரு மாதத்தில் போய்விட்டது. பெட்டி போகவில்லை. பன்னிரண்டு மணி நேரமும் போகவில்லை. சுண்ணாம்பு அழிந்ததும் மஞ்சள் பெயிண்டில் போடச் சொன்னார்கள், போட்டேன். மதினி நலம். மடிப்புப் பிரிவில் வேலைக்கு வருகிறார். கேட்டைக் கடக்கும்போது ஸ்டூலைப் பார்க்காமல் போவார்.

நேற்று அதைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, தரையில் நான்கு கால்களின் தடம் இருந்தது. ஷிப்டு சங்கு ஊதியபோது கோட்டைத் தாண்டிப் போய் அங்கே நின்றேன். முதலில் மாரியப்பன் வந்தான். அமுக்கினான். பச்சை. நான் அவன் தோளில் கை வைத்தேன்.

"என்ன சார், பச்சைதான எரியுது?"

"எரியட்டும். நில்லு."

"எங்கிட்ட என்ன இருக்கு? ஒரு கட்டு பீடி."

சட்டைக்கு மேலேயே சுட்டது. "எத்தனை நாளா?"

"மூணு நாளா. யாரு கேட்டா?"

தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட பேனாவிலேயே லீவு எழுதினேன். பின்னால் வரிசை நின்றுவிட்டது. அத்தனை பேரையும் தொட்டுத்தான் அனுப்பினேன். உங்களுக்கு ஒரு தடவையிலேயே தெரிந்துவிடும். எனக்குச் சந்தேகம் வந்து சிலரை இரண்டு தடவை தொட வேண்டியிருந்தது. என் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் போய்விட்டது. மாரியப்பனை இன்று காலை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல நேரத்தில் வந்தாய் என்று டாக்டர் சொன்னாராம்.

இனி இந்தக் கேட்டில் யார் போனாலும் தோளில் ஒரு கை படும், அண்ணாச்சி. ஸ்டூல் இல்லாவிட்டால் பரவாயில்லை. நின்றுகொண்டே பார்த்துக்கொள்கிறேன்.

கோட்டுக்கு இந்தப் பக்கமே இருந்துவிட்ட
உங்கள் தம்பி,
ரெங்கநாதன்

பி.கு.: இதை எழுதி முடிக்கும்போது ஆபீஸ் ஆர்டர் வந்தது. நாளையிலிருந்து நான் பேக்கிங் பிரிவில். அந்தப் பிரிவுக்காரர்கள் போக வரப் பின்பக்கக் கேட்.