முந்திய சுற்றும் மிச்ச இடங்களும்

ஒக்டோபர் 29
விண்ணப்பம் போய்விட்டது. அமெரிக்காவில் ஒரே ஒரு கல்லூரி, முந்திய சுற்று. பாதி இடங்களை அதிலேயே நிரப்பிவிடுவார்கள். மிச்சத்துக்கு மார்ச் சுற்றில் உலகமே அடிபடும். பதிலுக்கு ஒரு கட்டு: என்னை எடுத்தால் போயே ஆகவேண்டும். அப்பாவும் கையெழுத்திட்டார். “கலியாண எழுத்துக்குக்கூட நான் இவ்வளவு வாசிக்கேல்லை.”
ஒருவரிடமும் சொல்வதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன்.

நவம்பர் 2
மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வர, ரேச்சல் அன்ரி: “அமெரிக்காவில சரியான குளிராம், பிள்ளை.”
அம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டிசம்பர் 14
ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மார்ச் சுற்றுக்குத் தள்ளிவிட்டார்கள்.
கோயில் விருந்துகளுக்கு அப்பாதான் பொறுப்பு. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. “முதல் பந்தியில இருத்தி, இலையும் போட்டிட்டு, எழும்பி நில் எண்டிருக்கினம். ரெண்டாம் பந்தியில இறைச்சி இராது, பிள்ளை. குழம்புதான்.”
“ஆனா கட்டு அவிண்டிட்டுதெல்லே?” என்றார் அம்மா, கொஞ்சம் சந்தோஷமாக.

ஜனவரி 18
இன்னமும் விருப்பம் உண்டு என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதவேண்டும். நவம்பருக்குப் பின் சாதித்தவற்றையும். என்ன சாதித்தேன்? அப்பாவின் வான் வண்டியைப் பின்பக்கமாக நிறுத்தப் பழகினேன். ஒரு தடித்த நாவலை இரண்டாம் முறையும் பாதியில் விட்டேன்.

மார்ச் 3
இங்கே எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. “பதில் வருமட்டும் சும்மா போய் இரு,” என்றார் அப்பா. சும்மா இருக்கத்தான் நிலவியல் எடுத்தேன்.

மார்ச் 12
வகுப்பில், எங்கள் கரைக்கு எதிரே தெரியும் எரிமலைத் தீவான ரங்கிட்டோட்டோவின் கல்லொன்றைக் கையில் தந்தார்கள். வயது அறுநூறு வருடம்தானாம் — கற்களில் கைக்குழந்தை. ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு, எங்கள் நிலையமான ரானுயியில் இறங்க மறந்து கடைசி நிலையம் வரை போனேன். வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 28
எடுத்துவிட்டார்கள்!
அப்பா அழுதார். அம்மா “நல்லது” என்று மட்டும் சொல்லிவிட்டு, மடித்த உடுப்புகளைத் திரும்பவும் மடித்தார்.
நான்? டிசம்பரில் என்றால் கேள்வியே இல்லை, கட்டு இழுத்துக்கொண்டு போயிருக்கும். இப்போது நானே அல்லவா முடிவெடுக்கவேண்டும். ஐயோ.

ஏப்ரல் 21
“அமெரிக்கா வேண்டாமெண்டு எழுதிப்போட்டியோ? இந்தக் கல்லுப் படிப்புக்காகவோ? சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல?”
“நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே, அப்பா.”
வெளியே போய் அரை மணித்தியாலம் வானைக் கழுவினார். பிறகு என் அறைக்கதவைத் தட்டினார்.
“அந்தக் கல்லூரிக்காரருக்கு ஒருக்கா நினைவுபடுத்து, பிள்ளை. அந்த இடத்தைக் கெதியா வேற ஆருக்காவது குடுக்கட்டும். பாத்துக்கொண்டிருக்கிற தகப்பன்மார் பாவம்.”