காரீயப் புகையும் காலியாகத் திரும்பிய லோரியும்

ஆக. 19, திங்.

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. செய்ய வேண்டியவை: அரிசி புடைக்க, ரவிக்கைக்கு ஒட்டுப்போட, ஆஸ்பத்திரி.

கடைசியை மட்டும் செய்தேன். அங்கே பிரசவம் பார்க்கும் நர்ஸ் மிஸ்ஸி தமிழ்ப்பெண். முன்னால் இரண்டு கலைந்ததைச் சொன்னேன். வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்றாள். ரேடியோ பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கடை. செத்த பேட்டரியை உடைத்து, காரீயத்தை உருக்கி மீன்வலைக்குக் குண்டு வார்ப்பார் என்றேன்.

"எங்க வெச்சு உருக்குவாரு?"

"அடுப்படிக்குப் பின்னால."

எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "அக்கா, அந்தப் புகை வயித்துல இருக்கறதுக்கு ஆகாது. முன்ன போனதுகூட அதனால இருக்கலாம். யாரு கண்டா."

பேச்சா ரிக்‌ஷாவில் திரும்பும்போது தூக்கம் மாதிரி ஒரு மயக்கம். காஜா பேராங் தெரு நெடுக மெர்டேக்காவுக்கு, சுதந்திர நாளுக்கு, கொடி கட்டுகிறார்கள். காகிதக் கொடி. மழையில் சிவப்பு கரைந்து ஓடுகிறது. போன இரண்டும் வேறு யார் வீட்டிலோ வளர்வதாக ஒரு நினைப்பு. மூத்ததற்கு இப்போது பல் விழுகிற வயசு.

ஆக. 20, செவ்.

அவரிடம் சொன்னேன். சோற்றில் இருந்த கை நின்றது.

"எங்கம்மா அடுப்புப் புகையிலயே கெடந்து எல்லாரையும் பெத்தா."

"அது விறகுப் புகைங்க. இது வேற."

"சரி, இதையெல்லாம் எங்க கொண்டு போயி கொட்டச் சொல்றே? ஆத்துலயா?"

செங், குருபோங் பக்கத்து ரப்பர் எஸ்டேட் லயத்து வீடுகளில் கரண்ட் கிடையாது. ரேடியோ பேட்டரியில்தான் பாடும். மெர்டேக்காவைக் காதால் கேட்க வேண்டும் என்று எல்லாரும் புதுசு வாங்குகிறார்கள். பழசெல்லாம் எங்கள் கொல்லைக்கு.

மத்தியானம் உருக்கினார். நான் அடுத்த வீட்டு மீனாச்சியிடம் போய் உட்கார்ந்தேன். செட்டி ஜனம், பல தலைமுறையாக இங்கேயே. பேர் தமிழ், கும்பிடுவது மாரியம்மனை, பேச்சு மட்டும் மலாய். பாதிதான் எனக்குப் புரியும். பாதி போதும் எங்களுக்கு. இன்றைக்குத் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நாக்கில் பட்டதும் புளிப்பு. பேட்டரியை உடைத்து எங்கள் கொல்லையில் ஊற்றுகிற ஆசிட். அவள் கிளாஸை வாங்கிக் கழுவி வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆக. 22, வியா.

கனவு. கடலுக்கு அடியில் ரேடியோக்கள், நண்டு மாதிரி மெல்ல நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் யாரோ தாலாட்டுகிறார்கள், வார்த்தை இல்லாமல். எழுந்த பிறகும் வெகுநேரம் காதில்.

குழம்பு தீய்ந்தது.

மீனாச்சியிடம் மிஸ்ஸி சொன்னதைச் சொன்னேன். கையால் வயிற்றைக் காட்டி, புகையைக் காட்டி. பலகாரத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். பிறகு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல:

"சியாப்பா ஜுவால், டியா அம்பில் பாலேக் லா."

விற்றவன் எவனோ, அவனே திருப்பி எடுத்துக்கட்டும்.

இத்தனை வருஷம் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? அவருக்கும்?

ஆக. 24, சனி

போய்விட்டோம். அவர் சைக்கிளில் புக்கிட் ரம்பாய் போன நேரம். பேச்சாவில் கால் வைக்க இடமில்லாமல் செத்த பேட்டரிகள். நடுவில் நானும் மீனாச்சியும், அவள் நல்ல கெபாயா சட்டையில்.

டவுனில் பெரிய ரேடியோ கடை, பேட்டரியும் அங்கேதான் விற்பது. கண்ணாடி மேஜை. மீனாச்சி ஒரு பேட்டரியைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். கடை முதலாளி, தவுக்கே, எழுந்து வந்தார். வயசானவர், வெள்ளைப் பனியன்.

"சாயா ஜுவால் சஹாஜா." நான் விற்கிறவன், அவ்வளவுதான்.

மீனாச்சி மலாயில் பொழிந்தாள். கிணறு, புகை, என் வயிறு. எனக்கு வெட்கமாக இருந்தது. தவுக்கே என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். மற்ற கடைக்காரர்களும்தான் விற்கிறார்கள், அங்கே போங்கள் என்றார்.

பேட்டரிகளை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். வழியில் மீனாச்சி எனக்குக் குளிர்ச்சியாக செண்டோல் பானம் வாங்கித் தந்தாள்.

வீட்டுக்காரருக்குச் செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. கத்தவில்லை. அதுதான் பயம்.

"அந்தக் கடைதான் எனக்கு வேலை அனுப்புது. நாளைக்கு வேண்டாம்னா என்ன செய்வே, செல்லம்?"

"தெரியலங்க."

சைக்கிளை உள்ளே தள்ளி நிறுத்தினார்.

ஆக. 25, ஞா.

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. வெயில். அவர் உருக்கவில்லை. பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஆக. 27, செவ்.

தவுக்கே வந்தார். சின்ன வேனில் எங்கள் பேட்டரிகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு. இறக்கச் சொல்லிவிட்டு, வந்தது வந்தோம் என்று கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். கறுத்துப்போன மண், புல் முளைக்காத இடம்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மீனாச்சி வந்தாள். தட்டில் கிளாஸ், விருந்தாளிக்குக் கொடுப்பது போல. வெயிலில் வந்தவர், வாங்கிக் குடித்தார். உடனே துப்பினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

என் வீட்டுக்காரர் அந்தக் கிளாஸை வாங்கினார். தானும் ஒரு வாய். துப்பாமல் அப்படியே நின்றார். அப்புறம்தான் துப்பினார். இத்தனை நாளில் அந்தத் தண்ணீரை அவர் வாயில் வைத்ததே இல்லை.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ. "புது பேட்டரி சிங்கப்பூர்லேர்ந்து லோரியில வருது. திரும்பிப் போறப்ப லோரியில என்ன இருக்கு?"

இவர் அதை மலாயில் சொன்னார். தவுக்கே யோசித்தார். "கோசோங்." காலி.

கோழி கொல்லையைக் கிளறிக்கொண்டிருந்தது.

போகும்போது தவுக்கே பேட்டரிகளை மறுபடி வேனில் ஏற்றச் சொன்னார்.

ஆக. 29, வியா.

தவுக்கே டவுனில் ரேடியோ விற்கும் மற்ற கடைக்காரர்களையும் கூட்டிப் பேசியிருக்கிறார். பேட்டரி அனுப்பும் சிங்கப்பூர் கம்பெனிக்கு டெலிபோன். அங்கே முதலில் முடியாது என்றார்களாம். பழசை எடுக்காவிட்டால் புதுசு இறக்க மாட்டோம் என்று எல்லாக் கடையும் ஒரே வாயாகச் சொன்ன பிறகு, சரி. ஆசிட்டோடு, உடைக்காமல், அப்படியே அனுப்ப வேண்டும். உருக்குவது அவர்கள் பாடு. எஸ்டேட்களிலிருந்து சேர்த்துக் கொடுப்பது என் வீட்டுக்காரர் வேலை, எல்லாக் கடைக்கும் பொதுவாக.

சாயங்காலம் லோரி வந்தது. கொல்லையில் கிடந்ததெல்லாம் ஏறியது. குண்டு வார்க்கும் அச்சையும் அவரே தூக்கி மேலே போட்டார். நான் கேட்கவில்லை.

"மீன்காரங்களுக்கு என்ன சொல்லுவீங்க?"

"கல்லைக் கட்டிக்கச் சொல்றேன்."

லோரி திரும்பும்போது வேலியில் கொஞ்சம் இடித்தது. மீனாச்சி சிரித்தாள். கிணற்றை இறைத்துத் தூர்வார நாளைக்கு ஆள் வருகிறார்கள். அதுவரை தெருக்குழாய். தண்ணீர் எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. வயிற்றில் இருப்பதைப் பற்றியும்தான். மிஸ்ஸி இன்றைக்குக் காது வைத்துக் கேட்டாள். "இருக்குக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வாங்க வேண்டியவை: பச்சைப்பயறு, வெள்ளை நூல்.

ஆக. 31, சனி

விடிந்ததும் அவர் ரேடியோவைக் கடை வாசலில் ஸ்டூலில் வைத்தார். தெருவே கூடிவிட்டது. கோலாலம்பூரில் மழையாம், விழா கொஞ்சம் தாமதமாம். நான் உள்ளே நாற்காலியில் சாய்ந்தேன், தொடங்கியதும் எழுந்திருக்கலாம் என்று.

கண் விழித்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது. தெருவில் ஆளில்லை. மெர்டேக்கா சொல்லி முடித்து எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"எழுப்பியிருக்கலாம்ல."

"எழுப்பலாம்னுதான் வந்தேன். நீ தூக்கத்துல சிரிச்சே. விட்டுட்டேன்."