உப்புப் படாத அப்பம்

மல்லாவி, எகிப்து,
உயிர்ப்புத் திருநாள் முடிந்த செவ்வாய்

அன்பு மகள் நார்தீனுக்கு அம்மா எழுதுவது. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். மெய்யாகவே உயிர்த்தெழுந்தார் என்று நீ மெல்பர்னிலிருந்து பதில் சொன்னதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் கைகளைத் தவிர. பதறாதே, அதைத்தான் சொல்ல வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார், அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. உன் தோழி இவோன் மெல்பர்னுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தையும் குழம்பு வைக்கக் கொஞ்சம் காய்ந்த முளுக்கியாக் கீரை இலையையும் கொடுத்தனுப்புகிறேன். விமான நிலையத்தில் இலையைப் பிடுங்கிக்கொண்டாலும் கடிதத்தையாவது விடுவார்கள்.

மாப்பிள்ளையின் நண்பர்கள், விசுவாசித்தால் போதும், ரட்சிப்பு கிடைத்துவிடும், இந்த நோன்பெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள், நான் என்னம்மா பதில் சொல்வது என்று எழுதியிருந்தாய். அடி பெண்ணே, எனக்கென்ன தெரியும், நான் குருமடத்திலா படித்தேன்? ஆனால் இந்தப் பரிசுத்த வாரத்தில் நம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அதில் உனக்குப் பதில் கிடைத்தால் எடுத்துக்கொள். உன் சித்தப்பா சுப்ஹி மடாலயத்திலிருந்து வண்டி ஓட்டிவரும்போது கண் அசந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பிள்ளை அபனூப் போய்விட்டானே, அன்றிலிருந்து உன் அப்பா தம்பியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அன்றிலிருந்து இரண்டு பேருமே நற்கருணை வாங்கவில்லை. ஊருக்கெல்லாம் பூசைக்கான குர்பான் அப்பம் சுட்டுக் கொடுக்கிற மனுஷன், தான் சுட்ட அப்பத்தை வாயில் வைப்பதில்லை. நான் ஞாயிறுதோறும் வெள்ளைக் கைக்குட்டையை இஸ்திரி போட்டு அவர் பையில் வைப்பேன், நற்கருணை வாங்கியபின் துணுக்கு விழாமல் வாயை மூடிக்கொள்ள வேண்டுமே. அது மடிப்புக் கலையாமல் வீட்டுக்குத் திரும்பி வரும். கேட்டால், "மனசுல பகைய வச்சுக்கிட்டு வாயத் தொறக்கச் சொல்றியா? நான் கோவக்காரன்தான், பொய்யன் இல்ல" என்பார். பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் தவறாமல் போவார். நம் கோயில் சாமியார் அபூனா சரபமூன் ஒருநாள் பொறுக்க முடியாமல், "நாஷித், ஒரே பாவத்தையே எத்தனை தடவைதான்யா கொண்டு வருவ? குணமான பிறகா மருந்து சாப்பிடுவாங்க? வந்து வாங்கு" என்று கத்தியது வெளியே நின்ற எனக்கே கேட்டது. அதற்கும் இவர் அசையவில்லை.

சித்தப்பா வேறு ரகம். அவருக்கு நோன்பு ஒரு வெறி. சபை சொன்ன நோன்பு போக, சொல்லாத நோன்பும் இருப்பார். ஈஸ்டர் முடிந்து எல்லோரும் கறி சாப்பிடும் நாளில்கூட வெறும் அவரைக்கொட்டைதான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. பட்டினி கிடந்தே அந்த ஒரு நிமிஷத் தூக்கத்தைக் கழித்துவிடலாம் என்று நினைத்துவிட்டார். எனக்கு மட்டும் எரியவில்லையா? ஊர் இன்னும் என்னை அபனூபின் அம்மா என்றுதான் கூப்பிடுகிறது. நான் ஒன்றும் புனிதை இல்லை நார்தீன். காலையில் மன்னிப்பேன், மத்தியானம் அவன் சட்டை ஏதாவது கண்ணில் பட்டால் எல்லாம் போய்விடும், மறுநாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஆனால் அதற்காக நான் ஒருநாளும் ஆண்டவரின் பந்தியை விட்டு எழுந்து போனதில்லை. பசிக்கிறவள் வேறெங்கே போவேன்?

பெரிய புதன் காலையில், மறுநாள் பூசைக்கு அப்பம் வேண்டுமே என்று அடுப்பைச் சரிபார்க்கப் போனார் உன் அப்பா. காஸ் கசிந்திருந்தது தெரியாமல் தீக்குச்சியைக் கிழித்துவிட்டார். முகம் தப்பியது மாதாவின் புண்ணியம். இரண்டு கைகளும் வெந்துவிட்டன. டாக்டர் மணிக்கட்டுவரை கட்டுப் போட்டுவிட்டார். வியாழன், ஆண்டவர் தம் சரீரத்தைப் பிட்டுக் கொடுத்த நாள், அன்றைக்கு அப்பம் இல்லாமல் எப்படி? உன் தாத்தா அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தது தம் இரண்டு பிள்ளைகளுக்குத்தான். இது உன் அப்பாவுக்கும் தெரியும். நானே தெருவைக் கடந்து சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "என் கை பட்ட அப்பத்த யாரு அண்ணி தின்பாங்க? இன்னும் கொஞ்ச காலம் நோன்பிருந்துக்கறேன், அப்புறம் பாப்போம்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "ஏன் சுப்ஹி, சிலுவையில ஆண்டவருக்கு வலது பக்கம் தொங்குனானே கள்ளன், அவன் எத்தனை நாள் நோன்பிருந்தான்? மூஞ்சி கழுவக்கூட அவனுக்கு நேரமில்ல. என்னை நினைச்சுக்கோன்னு கேட்டான், கிடைச்சுது. நீ அவனைவிடப் பெரிய கள்ளனா, இல்ல அவனைவிடப் பெரிய மனுஷனா?" என்று கேட்டுவிட்டேன். அவர் செருப்பைத் தேடினார்.

வியாழன் விடிந்ததும் கோயில் அப்ப அறையில் நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உள்ளே சித்தப்பா வேதத்துச் சங்கீதம் முணுமுணுத்துக்கொண்டு மாவு பிசைகிறார், மூலையில் ஸ்டூல் மேல் உன் அப்பா கட்டுப் போட்ட கைகளை இரண்டு வெள்ளைப் பொட்டலங்கள் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வாசலில் நான். தம்பி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார், இவர் என்னைப் பார்த்து, "அங்க இருக்கறவருகிட்ட சொல்லு, மாவு இளகிப்போச்சு" என்கிறார். நான் சொல்கிறேன். "முத்திரைய நேரா வைக்கச் சொல்லு. சிலுவை கோணிக்கிட்டுப் போவுது." அதையும் சொல்கிறேன். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்போதுதான் பார்த்தேன், சித்தப்பாவின் தோள் குலுங்குகிறது. சத்தம் இல்லை, மூக்கு நுனியில் கண்ணீர் சேர்ந்து நிற்கிறது, கை மாவில் இருப்பதால் துடைக்கவும் முடியவில்லை. உன் அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. "சுப்ஹி, அழாத. மாவுல விழும். குர்பானுக்கு உப்பு ஆகாதுன்னு தெரியாதா?" என்றார். சொல்லிக்கொண்டே தன் கைக்கட்டால் தம்பியின் முகத்தை ஒற்றி எடுத்தார். அபனூப் போன பிறகு உன் அப்பா தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பூசையில் இன்னொன்று நடந்தது. மற்ற நாளில் ஒருவருக்கொருவர் கை தொட்டுச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வரும்போது, தம்பி கை தன்மேல் படக்கூடாது என்று உன் அப்பா தூணோரம் ஒதுங்கி நிற்பார். பெரிய வியாழனில்தான் அந்தச் சமாதானமே கிடையாதே, யூதாஸ் முத்தத்தால் காட்டிக்கொடுத்ததற்காக அன்றைக்கு யாரும் யாரையும் முத்தமிடுவதில்லை, கை தொடுவதில்லை. குழந்தைக்கும் தெரியும். அந்த நாள் பார்த்து, அந்த இடம் வந்ததும், உன் அப்பா தூணை விட்டுக் கிளம்பி ஆண்கள் வரிசையெல்லாம் கடந்து கடைசியில் நின்ற தம்பியிடம் போய், கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் நீட்டினார். உபதேசியார் முறைத்தார். பெண்கள் பக்கம் ஒருத்தி, "ஐயையோ, இன்னைக்குப் போயா!" என்றாள். சித்தப்பா பயந்துபோய், "அண்ணே, இன்னைக்குக் கூடாதுண்ணே" என்று கிசுகிசுத்தார். தம்பி தொடும்வரை உன் அப்பா கையை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன், நாள் மறந்துபோச்சு என்றார். வருஷம் முழுவதும் திருநாள் பார்த்து அப்பம் சுடுகிறவருக்கு நாள் மறந்ததாம், நம்பிவிட்டேன்!

நற்கருணை நேரத்தில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் முன்னே போனார்கள். அபூனா ஒன்றும் கேட்கவில்லை, இருவர் தலையிலும் சிலுவையை வைத்துப் பாவமன்னிப்பு சொல்லிவிட்டு, முதலில் உன் அப்பாவுக்குக் கொடுத்தார். உன் அப்பாவால் கைக்குட்டையை எடுக்க முடியவில்லை. சித்தப்பாதான் அண்ணன் பையில் கையை விட்டு அதை எடுத்து, உதறி, அவர் வாயில் பொத்திப் பிடித்தார். தான் வாங்கியதும் அதே துணியால் தன் வாயையும் மூடிக்கொண்டார்.

ஆகவே மாப்பிள்ளையின் நண்பர்களிடம் இப்படிச் சொல். நோன்பு ஒன்றும் கூலிக்குச் செய்கிற வேலை இல்லை, விருந்துக்குப் போகிறவன் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். விசுவாசித்தால் போதும் என்பதும் சரிதான், ஆனால் விசுவாசிக்கிறவன் எழுந்து நடக்க வேண்டுமே, உன் அப்பா தூணிலிருந்து நடந்த மாதிரி. நாம் தகுதியாகட்டும் என்று ஆண்டவர் காத்திருந்திருந்தால் இன்னும் சிலுவைக்கே போயிருக்க மாட்டார்.

குழந்தைக்குப் பல் முளைக்கும் காலம், காய்ச்சல் வந்தால் பயப்படாதே. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஞாயிறு கோயிலை விட்டுவிடாதே, மாப்பிள்ளைக்கு வேலை இருந்தாலும் நீயாவது போ. ஆண்டவர் உங்கள் வாசலையும் வழியையும் காத்து, கிழவர்கள் இருவரும் பேத்தியைத் தூக்கும் நாளைத் தரட்டும். இன்று கைக்குட்டையைத் துவைத்து, அந்தத் தண்ணீரை யார் காலும் படாமல் துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டு இஸ்திரி போட்டேன். இந்த ஞாயிறு கட்டுப் பிரித்துவிடுவார்கள், இனி உன் சித்தப்பாவுக்கும் தனியாக ஒன்று எடுத்து வைக்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எதுக்கு? ரெண்டு பேருக்கும் ஒண்ணு போதும்" என்றார்.

உன் அம்மா,
அவாதிஃப்