டிராவுக்கு ஆட வேண்டாம்

அருள்புரம்

அப்பாவுக்குத் தோத்திரம். மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை டிரா செய்தாலே இரண்டாம் டிவிஷன் கோப்பை நம் ஊருக்குத்தான். ஆனால் டிராவுக்கு ஆடினால் தோற்போம். பிற்பாதியில் நம்மவர்களுக்கு மூச்சு வாங்கும். முதலிலேயே கோல் அடிக்கச் சொல்லுங்கள்.

பார்சலில் டீமுக்கு ஜெர்சி இருக்கிறது. மீந்த துணியை எங்கள் பனியன் கம்பெனி முதலாளியம்மா சும்மாவே தந்தார்: “எடுத்துக்க கண்ணு, செயிச்சுப்போட்டு வரச் சொல்லு.”

தைக்கும்போது விரலில் ஊசி ஏறிவிட்டது, சின்னக் காயம்தான். பக்கத்து மிஷின் தபன், வங்காளத்துக்காரன், “உங்க டிஃபென்ஸ் மாதிரியே உன் தையலும்” என்று கேலி செய்துகொண்டே மீதியைத் தைத்து முடித்தான். முதலாளியம்மாவையும் இவனையும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவுகள் நான் கடைசியாகப் பார்த்தபோது இருந்தவை. பையன்கள் வளர்ந்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்மென்ட் வேலை இருக்கிறது, ஆட்டத்துக்கு வர முடியாது. மணி அடித்துவிட்டது. ஆட்டத்தின்போது எனக்கு போன் போட்டு, அப்படியே சட்டைப்பையில் வையுங்கள். பேச வேண்டாம். நீங்கள் கத்துவதிலேயே ஸ்கோர் தெரிந்துவிடும்.

உங்கள் ரெக்சன்