நாந்தியில் இறங்காத விமானம்

சிட்னி

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் அபகுகி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

என்னைப் புது விமானத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழையது எரிபொருள் நிரப்ப நம் தீவின் நாந்தி விமான நிலையத்தில் இறங்கியே ஆகவேண்டும். இது எங்கும் இறங்காமல் அமெரிக்கா போய்விடும். அதனால் இனி வியாழக்கிழமைகளில் சாப்பாடு கட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கு வராதீர்கள்.

போன வாரம் நம் தீவுக்கு மேலே பறந்தபோதும், பக்கத்து இருக்கையில் என்னோடு ஓட்டும் கேப்டன் டக் பழையதையே புகழ்ந்துகொண்டிருந்தார்.

"அது உதறும், கத்தும். ஆனா நம்ம கையோட பேசும்டா. இது ஆஸ்பத்திரி மாதிரி கம்முனு கிடக்கு."

"இதுல முதுகு வலிக்கல, கேப்டன்."

"முதுகு கிடக்கட்டும். கீழ உங்கம்மா கூடையோட நிக்கிறாங்க பாரு!"

இருவரும் சிரித்தோம். என் முகத்தைப் பார்த்ததும் அவர் நிறுத்திவிட்டார். "மன்னிச்சுக்கடா" என்று சொல்லி, என் பக்கமாக விமானத்தை லேசாகச் சாய்த்தார். கரும்புக் காடு தெரிந்தது. வீடு தெரியவில்லை.

நீங்கள் பின்னிய பாய் ஒன்று அனுப்புங்கள். இங்கே தரை சில்லென்றிருக்கிறது. வியாழன் பிற்பகல் துணி காயப்போடும்போது அந்தப் பெரிய சிவப்புப் போர்வையையும் கொடியில் போடுங்கள். அவ்வளவு உயரத்திலிருந்து தெரியாதுதான். இருந்தாலும் போடுங்கள்.

வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

அபகுகி