டயர் தெரியவில்லை என்றீர்கள்

ஸ்கூட்டரின் சொந்தக்காரருக்கு,

ஸ்கூட்டர் நலம். நீங்கள் முதலில் கேட்பது அதைத்தானே.

பெல்ட் தேய்ந்துவிட்டது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது என்று எத்தனை தடவை சொன்னேன்! "சிங்கப்பூர்ல இருந்து நானே வந்து மாத்துறேன் லா, வேற யாரும் கை வைக்கக் கூடாது" என்றீர்கள். பழைய ரேஸ் ஸ்கூட்டருக்கு அவ்வளவு பத்தியம்! நீங்கள் வரவேயில்லை. பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து சாலாக் செலாத்தான் வீட்டுக்கு மழையில் திரும்பும்போது பெல்ட் அறுந்து பின்சக்கரம் இறுகிக்கொண்டது. நடுரோட்டில் விழுந்தேன். கட்டின பெண்டாட்டி போன் போட்டு விழுந்துவிட்டேன் என்கிறாள், "வண்டி கவர் உடைஞ்சிருச்சா?" என்று கேட்டீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

ஆயுத பூஜையை வீடியோ காலில் பார்க்க வேண்டும் என்றீர்கள். பக்கத்து வீட்டு லோகேஸ்வரி அக்கா போனைப் பிடித்துக்கொண்டார். மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஒற்றைக் கையால் ஸ்கூட்டரைத் தள்ளி நசுக்கினேன். இன்னொரு கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் கண் முன்னால்தான் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லு, டயர் தெரியல" என்றீர்கள்.

போனை வைத்ததும் அக்கா, "அவரு உன் கையப் பார்க்கவே இல்லையா?" என்றார். அப்போது என் வாயில் வந்ததை எழுதினால் தாள் தாங்காது.

ஒர்க்‌ஷாப்பில் புது பெல்ட் போட்டாயிற்று. வேறு ஆள்தான் கை வைத்தான். கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருக்கிறேன். சாவி அக்காவிடம் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் தட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தள்ளி நிற்பவள்